போட்டோ எடுத்தீங்க சரி, பேர் கேட்டீங்களா?

நண்பர்களே, முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் எல்கேஜியிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். அதனால இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க. அதைவிடப் பெரிய பிழை ஒண்ணு போன வருஷம் செஞ்சேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஃபெஸ்ட்டில் போட்டோகிராஃபி போட்டி நடந்தது ஞாபகம் இருக்கா? தலைப்பு 'வாழ்க்கை'. என்ன எடுக்கறதுன்னு சுத்திக்கிட்டே இருந்தப்போ, ஹாஸ்டல் மெஸ் பின்பக்கம் ஒரு அக்கா குழாயடியில் உட்கார்ந்து பெரிய அண்டாவைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கவாட்டில் இருந்து நல்ல வெயில். ஜன்னல் ஓரமா நின்னு, ஜூம் பண்ணி, முகத்தை மட்டும் எடுத்தேன். கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏத்தி, கீழே 'உழைப்பின் வலி'ன்னு கேப்ஷன் போட்டு அனுப்பினேன். இரண்டாம் பரிசு. ஏ3 சைஸில் பிரிண்ட் போட்டு போர்டில் ஒட்டினாங்க.

ரெண்டு நாள் கழிச்சு சாப்பாட்டு வரிசையில் நிக்கும்போது அந்த அக்கா என்கிட்ட வந்தாங்க. "தம்பி, அந்த போட்டோ நீ எடுத்ததாமே? அன்னைக்கு எனக்கு ஜுரம்பா. அதான் மூஞ்சி அப்படி இருக்கு. என்னை எதுக்கு இப்படிப் பாவப்பட்டவ மாதிரி போட்டிருக்க? எம் பொண்ணு பார்த்தா என்ன நினைப்பா?"

கோபமாகக்கூடக் கேட்கலை. சாதாரணமாத்தான் கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. சாரி சொல்ல வாயெடுத்தப்பதான் தெரிஞ்சது, மூணு வருஷமா அவங்க கழுவின தட்டில் சாப்பிடறேன், அவங்க பேரே எனக்குத் தெரியாது.

நான் எடுத்தது 'டாக்குமென்டரி போட்டோ'ன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சரி, நிஜமாவே அந்த வேலையைச் செஞ்சவங்க எப்படிச் செஞ்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். காம்போசிஷன் கத்துக்கலாம்னு போனவனுக்கு வேற ஒரு பாடமும் சேர்ந்தே கிடைச்சது. ரெண்டையும் உங்ககிட்ட பகிர்ந்துக்கறேன்.

கோட் பட்டன் என்ஜினியரிங்

ஆவணப் புகைப்படத்தின் ஆரம்ப காலத்தைப் பேசும்போது ஜேக்கப் ரீஸ் பேர் கட்டாயம் வரும். டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போனவர். நியூயார்க்கில் போலீஸ் செய்திகளை எழுதும் நிருபர். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளை ராத்திரியில் போய்ப் படம் எடுத்தார். அப்போதுதான் மெக்னீசியத் தூளை எரித்து வெளிச்சம் உண்டாக்கும் ஃப்ளாஷ் முறை வந்திருந்தது. 1890ல் அந்தப் படங்களோடு புத்தகம் போட்டார். ஊரே அதிர்ந்தது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படங்களும் அதில் உண்டு. படத்தில் இருப்பவர்களிடம் அனுமதி என்ற பேச்சே இல்லை.

அடுத்து லூயிஸ் ஹைன். இவர் பள்ளி ஆசிரியர். 1908லிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் கமிட்டி என்ற அமைப்புக்காக அமெரிக்கா முழுக்க மில், சுரங்கம், வயல் என்று போய் வேலை செய்யும் குழந்தைகளைப் படம் எடுத்தார். முதலாளிகள் உள்ளே விடுவார்களா? பைபிள் விற்பவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், மெஷினைப் படம் எடுக்க வந்தவர் என்று ஏதாவது ஒரு வேஷம் போட்டு உள்ளே போவார்.

நமக்குப் பிடிக்கக்கூடிய விஷயம் ஒண்ணு இருக்கு. தன் கோட்டின் ஒவ்வொரு பட்டனும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்னாடியே அளந்து வைத்திருப்பார். ஒரு குழந்தை பக்கத்தில் வந்து நின்றால், தலை எந்தப் பட்டன் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்குப் போடுவார். பாக்கெட்டுக்குள் கையை விட்டு யாருக்கும் தெரியாமல் நோட்டில் குறித்துக்கொள்வார். டேப் இல்லாத அளவீடு!

1908ல் தென் கரோலினாவில் ஒரு பஞ்சாலையில் அவர் எடுத்த படம் ரொம்பப் பிரபலம். சேடி ஃபைஃபர் என்ற சிறுமி நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறாள். இயந்திரம் நீளமாக உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. நம்ம முதல் செமஸ்டர் டிராயிங் வகுப்பில் படிச்ச பெர்ஸ்பெக்டிவ் கோடுகளேதான். அந்தக் கோடுகள் எவ்வளவு நீளமோ, அவள் அவ்வளவு சின்னதாகத் தெரிகிறாள். கூடவே ஹைன் அவள் உயரத்தையும் குறித்திருக்கிறார்: 48 அங்குலம். நாலே அடி.

கவனிச்சீங்களா? அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கலை. மெஷினையும் சேர்த்து எடுத்தார். அதனால்தான் அது 'பாவம் குழந்தை' படமாக நின்றுவிடாமல், 'இந்த மெஷினில் இந்த உயரத்துப் பிள்ளை வேலை பார்க்கிறது' என்ற சாட்சியாக மாறியது. பேர், இடம், உயரம் எல்லாம் இருப்பதால் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவில் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் 1938ல் நிலைபெற்றதற்கு நிறையப் பேரின் உழைப்பு காரணம். அதில் இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு தாய், சில அடிகள்

இப்போ முக்கியமான படத்துக்கு வருவோம். 'மைக்ரண்ட் மதர்', அதாவது 'புலம்பெயர்ந்த தாய்'. பேர் தெரியாவிட்டாலும் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. நெற்றியில் கோடு விழுந்த ஒரு பெண், கன்னத்தோரம் கை. இரண்டு பக்கமும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் மேல் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை.

எடுத்தவர் டொரோத்தியா லாங்கே. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டூடியோ வைத்துப் பணக்காரக் குடும்பங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது தெருவில் வேலையில்லாதவர்கள் கூட்டம் கூடுவதைப் பார்த்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். 1933ல் இலவச ரொட்டிக்கான வரிசையை எடுத்தார். எல்லாரும் ஒரு பக்கம் திரும்பி நிற்க, ஒரே ஒரு முதியவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, தகரக் குவளையோடு கட்டையில் சாய்ந்திருக்கிறார். நம்ம கண் நேரே அவரிடம்தான் போகும். ஒரே மாதிரி இருக்கும் கூட்டத்தில் மாறுபட்ட ஒன்று தானாகவே மையமாகிவிடும். காம்போசிஷனில் நான் கத்துக்கிட்ட முதல் பாடம் இதுதான். அவரை நடுவில் வைக்கணும்னுகூட அவசியமில்லை.

பிறகு லாங்கே அரசாங்க வேலையில் சேர்ந்தார். கிராமப்புற வறுமையைப் பதிவு செய்ய ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் தலைமையில் ஒரு குழு இருந்தது. 1936 தொடக்கத்தில் ஒரு மாதப் பயணம் முடிந்து லாங்கே வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊர்ப் பக்கம், பட்டாணி பறிப்பவர்கள் முகாம் என்று ஒரு பலகை. கவனிக்காத மாதிரி தாண்டிப் போய்விட்டார். சுமார் 20 மைல் போன பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

முகாமில் ஒரு கூடாரம். உள்ளே 32 வயதுப் பெண், குழந்தைகளோடு. உறைபனியில் பட்டாணிப் பயிர் அழிந்துபோய் யாருக்கும் வேலை இல்லை. லாங்கே தூரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார். அந்த வரிசையைப் பார்த்தால் ஒரு முழு காம்போசிஷன் வகுப்பே அதில் இருக்கிறது.

தூரத்துப் படத்தில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது. சாமான்கள், குழந்தைகள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பதின்வயதுப் பெண் எல்லாம் இருக்கு. இடம் புரியுது, ஆனா கண் எங்கே நிக்கறதுன்னு தெரியலை.

நெருங்கினதும் தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பது தெரிகிறது. இன்னொரு படத்தில் ஒரு சிறுமி தாயின் தோளில் தாடையை வைத்து நிற்கிறாள். பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் காலித் தட்டு. பெரிய பெண் இப்போது ஃபிரேமில் இல்லை.

கடைசிப் படத்தில் பெட்டி இல்லை, தட்டு இல்லை, கூடாரம்கூட ஏறக்குறைய இல்லை. இரண்டு குழந்தைகளும் முகத்தைத் திருப்பிவிட்டதால் பார்க்க ஒரே முகம்தான். சின்னத் தலை, பெரிய தலை, சின்னத் தலை என்று ஒரு முக்கோணம். கை மேலே போய்க் கன்னத்தைத் தொடுகிறது, நம்ம கண்ணும் அந்தக் கையோடு ஏறி முகத்தில் நிற்கிறது. உலகம் முழுக்கப் போனது இந்தப் படம்தான்.

நம்ம மொழியில் சொன்னா இது ஒரு லாஸி கம்ப்ரெஷன். ஃபைல் சின்னதாகுது, வேகமாகப் போய்ச் சேருது, ஆனா தகவல் போயிடுது. ஏழு குழந்தைகளின் தாய் என்று லாங்கேயே கேப்ஷனில் எழுதினார். படத்தில் மூன்று பேர்தான். ஒவ்வொரு அடி நெருங்கும்போதும் உணர்ச்சி கூடிச்சு, விவரம் குறைஞ்சது.

வெளியே போன தகவல்

என்னென்ன வெளியே போச்சுன்னு பாருங்க. முதலில், பேர். லாங்கே அவர் வயதைக் கேட்டார், பேரைக் கேட்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் உலகத்துக்கு அவர் பெயரில்லாத 'தாய்' மட்டும்தான்.

1978ல்தான் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் மூலம் அது ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று தெரியவந்தது. அவருக்கு அந்தப் படத்தின் மேல் சந்தோஷம் இல்லை. எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார். தனக்கு அதனால் ஒரு பைசா வரவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொன்னதும் நடக்கவில்லை என்று வருத்தப்பட்டார். அரசாங்கப் படம் என்பதால் லாங்கேக்கும் ராயல்டி கிடையாது, அது வேறு விஷயம்.

இரண்டாவது, அவர் யார் என்பது. அவர் செரோக்கீ என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். படத்தைப் பார்த்தவர்களோ அவரை வெள்ளைக்கார விவசாயக் குடும்பத்துப் பெண் என்றே நினைத்தார்கள்.

மூன்றாவது, நடந்தது என்ன என்பது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை, வண்டி ரிப்பேராகி வழியில் நின்றோம், அவ்வளவுதான் என்று மகன் பிறகு மறுத்தார்.

படம் சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. லாங்கேயின் படங்கள் சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் வந்ததும், அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன் உணவு அனுப்பியது. எத்தனையோ பேர் பசியாறினார்கள். ஆனால் அதற்குள் தாம்சன் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது! பல வருஷம் கழித்து, 1983ல் அவர் உடம்பு முடியாமல் இருந்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். அந்த முகத்தை மறக்காத மக்கள் 35,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அதே வருஷம் அவர் இறந்தார்.

அப்போ லாங்கே நல்லவரா கெட்டவரா? என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் இதைத்தான் கேட்டாங்க. எனக்கு அப்படிப் பார்க்கத் தோணலை. அவர் வண்டியைத் திருப்பினதால்தான் அந்த முகாமுக்குச் சாப்பாடு வந்தது. பேர் கேட்காததால்தான் தாம்சனுக்கு அந்த வருத்தம் வந்தது. ரெண்டும் ஒரே ஆள், ஒரே நாள்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். நெருங்கி எடுக்கறது தப்பில்லை. ஃபிரேமிலிருந்து எதை வெட்டறோமோ அதை கேப்ஷனில் திருப்பிக் கொடுக்கணும். அது நம்ம மேல் இருக்கிற கடன்.

பத்தடி நகர்ந்த மண்டையோடு

வெட்டறது மட்டுமில்லை, நகர்த்தறதும் பிரச்சனை. அதே அரசுக் குழுவில் ஆர்தர் ராத்ஸ்டீன் என்று ஒரு இளைஞர். 1936ல் தெற்கு டகோட்டாவில் வறண்டு வெடித்த தரையில் ஒரு மாட்டு மண்டையோட்டைப் பார்த்தார். வெளிச்சமும் பின்னணியும் நன்றாக அமைய அதைச் சில அடி நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தார். அது தேர்தல் வருஷம். எதிர்க்கட்சி சார்புப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அரசாங்கமே வறட்சியை செட்டப் செய்கிறது என்று கிழித்தார்கள். வறட்சி நிஜம்தான். மண்டையோடும் நிஜம்தான். ஆனால் கொஞ்சம் அழகுக்காக நகர்த்தியதில் நிஜத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அதனால் ஒரு விதி வெச்சுக்கலாம்: பொருளை நகர்த்தாதே, நீ நகரு.

நம்ம பக்கம்

இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்தைப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் சுனில் ஜானா. அப்போது அவர் கல்கத்தாவில் மாணவர், நம்ம வயசுதான். 1984 போபால் விஷவாயு விபத்து என்றதும் மண்ணுக்குள் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகம் நினைவுக்கு வரும் இல்லையா? ரகு ராய் எடுத்த படம் அது. அந்தக் குழந்தையின் பேரும் நமக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் பழனிகுமாரைத் தேடிப் பாருங்க. மதுரைப் பக்கம் வளர்ந்தவர், அம்மா மீன் விற்பவர், இவர் படிச்சது நம்மள மாதிரி இன்ஜினியரிங். மலக்குழிகளில் இறங்கி வேலை செய்பவர்களையும், அப்படி இறந்தவர்களின் குடும்பங்களையும் வருஷக்கணக்கில் படம் எடுத்து வருகிறார். 'பாரி' இணையதளத்தில் அவர் படங்களைப் பார்க்கலாம். தன் சொந்த அம்மா மீன் விற்பதையும் அதே அக்கறையோடு எடுத்திருக்கிறார். உழைக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு கேமரா பிடிக்கவும் கத்துக்கொடுக்கிறார். அவங்க கதையை அவங்களே எடுக்கட்டும் என்பது எவ்வளவு நல்ல யோசனை!

சரி, நாம என்ன செய்யலாம்?

டிஎஸ்எல்ஆர் வேண்டாம், போன் போதும். நான் இப்போ செய்யறது இதுதான்.

ஒண்ணு, ஜூம் பண்ணாம நடந்து போங்க. பக்கத்தில் போனால்தான் பேச வேண்டி வரும். ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு எடுத்ததுதான் என் முதல் தப்பு.

ரெண்டு, லாங்கே மாதிரி மூணு தூரத்தில் எடுங்க. இடம் தெரிய ஒண்ணு, வேலை தெரிய ஒண்ணு, முகம் தெரிய ஒண்ணு. மூணையும் சேர்த்தே காட்டுங்க. அப்போ நெருங்கினதில் போன தகவல் பக்கத்துப் படத்தில் இருக்கும்.

மூணு, முகத்துக்கு ரொம்பவும் ஒட்டிப் போகாதீங்க. இதுக்கு ஒரு சின்னக் கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. தூரம். போன் 50 செ.மீ.யில் இருந்தா காது 62 செ.மீ.யில் இருக்கு. 62ஐ 50ஆல் வகுத்தா 1.24. அதாவது காதோடு ஒப்பிட்டா மூக்கு 24 சதவீதம் பெருசாத் தெரியும். 2 மீட்டர் தள்ளி நின்னா 212ஐ 200ஆல் வகுக்கணும், 1.06. வெறும் 6 சதவீதம்தான். முகத்தை மாத்துவது லென்ஸ் இல்லை, நாம நிக்கற தூரம்.

நாலு, உட்கார்ந்திருக்கிறவங்களை நின்னுக்கிட்டு எடுக்காதீங்க. மேலிருந்து எடுத்தா ஆள் குறுகித் தெரிவாங்க. நீங்களும் குந்தி உட்காருங்க. கண்ணும் கண்ணும் ஒரே மட்டத்தில் வரட்டும்.

அஞ்சு, பட்டனை அழுத்தும் முன்னாடி நாலு ஓரத்தையும் ஒரு சுத்து பாருங்க. 'மைக்ரண்ட் மதர்' படத்திலேயே கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் வந்துவிட்டது. பின்னாளில் நெகட்டிவில் அதை மறைத்தார்கள். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை.

ஆறு, படத்தை அவங்ககிட்டயே காட்டுங்க. பேர், இடம், தேதி, என்ன வேலை என்பதை அவங்க சொன்னபடி எழுதுங்க. எங்கே போடலாம், எங்கே போடக்கூடாதுன்னு கேளுங்க. வேண்டாம்னு சொன்னா டெலீட்.

கடைசியா

அந்தப் பழைய படத்தை போர்டிலிருந்து நானே எடுத்தேன். பரிசுச் சான்றிதழ் இன்னும் என் ஃபைலில் இருக்கு. ரெஸ்யூமேயில் போடலை.

இந்த செமஸ்டரில் அக்காகிட்ட போய், "அக்கா, இன்னொரு தடவை எடுக்கட்டுமா? உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி" என்று கேட்டேன். சிரிச்சாங்க. "இரு தம்பி, மூஞ்சி கழுவிட்டு வரேன்" என்றவங்க வந்து நின்னது குழாயடியில் இல்லை. சமையற்கட்டில், பெரிய சாம்பார் டபராவுக்குப் பக்கத்தில். காலையில் நானூறு பேருக்குத் தாளிக்கிறதும் அவங்கதான்னு அப்போதான் எனக்குத் தெரியும். நான் பாத்திரம் கழுவறது மட்டும்தான் அவங்க வேலைன்னு நினைச்சிருந்தேன்!

மூணு படம் எடுத்தேன். சமையற்கட்டு முழுசா ஒண்ணு, கரண்டி பிடிச்ச கையோடு ஒண்ணு, முகம் ஒண்ணு. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவங்க பொண்ணு அதில் முகம் இருக்கிற படத்தை வீட்டில் மாட்டியிருக்காளாம்.

பேர் கேட்டேன், சொன்னாங்க. ஆனா இங்கே போடலை. "மெஸ் போர்டுல வேணும்னா பேரோட ஒட்டுப்பா, நெட்டுல வேண்டாம்" என்று சொல்லிட்டாங்க. அதனால் மாகசின் படிச்சு முடிச்சிட்டு மெஸ் பக்கம் போங்க. கை கழுவற இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கு. பார்த்துட்டு, அவங்க பேரைச் சொல்லி ஒரு வணக்கம் வெச்சுட்டு வாங்க.